நின்ற இடத்தில் திரும்பும் புல்வெட்டி: வாங்குமுன் அறிய வேண்டியவை

இந்தப் பேச்சைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் யந்திர நிபுணன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். புல்வெட்டும் யந்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். அத்தகுதி ஒரு தவற்றிலிருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவிலுள்ள ஒரு பொது நிறுவனம், தனது விரிந்த புல்வெளிகளுக்காக அயல்நாட்டு யந்திரம் ஒன்றை வாங்கியது. தோட்டப் பணியாளர்கள் படிப்பதற்காக அதன் கையேட்டைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. சக்கரங்களைச் செலுத்தும் பகுதியைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை நான், ‘இப்பகுதிக்குப் பராமரிப்புத் தேவையில்லை’ என்று எழுதினேன். சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைந்துவிட்டதென மகிழ்ச்சியும் கொண்டேன்.

இரண்டாவது மழைக்காலம் முடியுமுன்னரே அந்த யந்திரத்தின் இடப்பக்கச் சக்கரம் வலுவிழந்தது. அலுவல் நிமித்தம் அவ்வூருக்குச் சென்றிருந்த நான் கொட்டகையில் கிடந்த அதைப் பார்த்தேன். செலுத்தும் பகுதியின் மேல் காய்ந்த புல்லும் புழுதியும் கெட்டியாகப் படிந்திருந்தன. அதைக் குளிர்விக்கும் சிறிய விசிறியின் இலைகள் முறிந்திருந்தன. ‘ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கெடுத்துவிட்டார்’ என்று தோட்டக்காரர்மீது குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “ஐயா, அந்தப் பகுதியைத் தொட வேண்டாம் என்றுதானே புத்தகத்தில் போட்டிருக்கிறது?”

மூலத்தைத் திரும்பப் படித்தேன். உள்ளே அடைத்து மூடிய எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை என்பதே அவ்வாக்கியத்தின் பொருள். வெளிப்புறத்தைத் துப்புரவாக வைப்பது பற்றி வேறோர் இடத்தில் சொல்லப்பட்டிருந்தது. அவர் அதை அப்பகுதி முழுவதற்குமாக எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். பழுது பார்க்க வந்த மெக்கானிக்கோ, “இந்த வகையில் எண்ணெயை மாற்றவே வழி வைக்கவில்லை, முழுப் பகுதியையும் மாற்ற வேண்டியதுதான்” என்றார். பராமரிப்பு வேண்டாதது என்று நான் எழுதியது, வேறொரு கோணத்தில் பார்த்தால், பராமரிக்க வழியில்லாதது என்றே பொருள்படும். அன்று முதல் இவ்வகை யந்திரங்களைப் பற்றித் தெரிந்தவர்களைக் கேட்டும், திறந்து காட்டச் சொல்லியும் கற்றவற்றையே இங்கே கூறுகிறேன்.

ஜீரோ டர்ன் என்று வழங்கும் இந்தப் புல்வெட்டியை, நின்ற இடத்தில் திரும்பும் புல்வெட்டி என்று நாம் சொல்லலாம். இதற்கு மோட்டார்க் காரைப்போல் வட்டத் திருப்பி பெரும்பாலும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே செலுத்தப்படுகின்றன. முன்சக்கரங்கள் எப்பக்கமும் தாமே சுழலக்கூடியவை. ஓட்டுபவரின் இரு கைகளுக்கும் இரண்டு நெம்புகோல்கள் உண்டு. இரண்டையும் சமமாக முன்னே தள்ளினால் வண்டி நேராகச் செல்லும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுழலும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை நிறுத்திவிட்டு மற்றதை நடத்தினால் வண்டி சிறு இடத்தில் திரும்பிவிடுவதைக் கண்டவர்களுக்கு இத்தத்துவம் புதிதன்று.

இது பிறந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதி. மிஸ்ஸௌரி மாநிலத்து வாரன்ஸ்பர்க் ஊரில் மாக்ஸ் ஸ்விஷர் என்பவர் 1963இல் இத்தகைய யந்திரம் ஒன்றைச் செய்தார். அதையடுத்துக் கன்ஸாஸ் மாநிலத்தில் ஜான் ரெஜியர் என்பவர் 1964இல் உருவாக்கிய யந்திரத்திலிருந்து, ஹெஸ்டன் நகரத்து ஹஸ்லர் புல்வெட்டிகள் தோன்றின. வீட்டைச் சுற்றிலும் புல்வெளி வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள அந்நாட்டில் இன்று இது சாதாரணமாகக் காணப்படும் பொருள். நம் நாட்டிலோ கோல்ப் மைதானங்களும், பெரிய கல்வி நிலையங்களும், விளையாட்டரங்குகளும் வாங்கும் விலையுயர்ந்த பொருள். இவ்வேற்றுமையை வாங்குவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு குடும்பத்தலைவர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், ஆண்டில் 30 வாரங்கள் புல் வெட்டுவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 45 மணி நேரம் ஆகிறது. நமது நிறுவனம் ஒன்றில் நாளொன்றுக்கு 4 மணி வீதம் 150 நாட்கள் ஓடினால் 600 மணி. அவர் 13 ஆண்டுகளில் செய்யும் வேலையை நம் யந்திரம் ஓராண்டில் செய்து முடிக்கிறது. எனவே வீட்டுத் தோட்டத்துக்கென்று அமைக்கப்பட்ட யந்திரத்தை, தோற்றமும் வர்ணமும் ஒன்றாக இருக்கின்றன என்பதற்காக வாங்கிவிட்டு, அது விரைவில் தேய்கிறதென்று வருந்துவதில் பயனில்லை.

இந்த யந்திரத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை இரண்டு: ஒன்று என்ஜின், மற்றொன்று அதன் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் செலுத்துப் பகுதி. விற்பனைக் கூடத்தில் நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் முதலாவதைப் பற்றி. அதிலும் குதிரைச் சக்தி என்ற ஒரே எண்ணைப் பற்றி.

அந்த எண்ணைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். ஒரு குதிரைச் சக்தி ஏறத்தாழ 746 வாட்டுக்குச் சமம். ஆனால் மேல்மூடியில் எழுதியிருப்பது பெரும்பாலும் மொத்தச் சக்தி. அஃதாவது காற்று வடிகட்டியும் சைலன்ஸரும் பொருத்தாமல் சோதனைச் சாலையில் அளந்த சக்தி. அவற்றைப் பொருத்தியபின் கிடைக்கும் நிகரச் சக்தி அதனினும் குறைவு. அமெரிக்காவில் இவ்வெண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று வாங்கியோர் பல உற்பத்தியாளர்கள்மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குகள் மில்வாக்கி நகரத்து நீதிமன்றத்தில் ஒருங்கே விசாரிக்கப்பட்டு, 2010இல் ஏறத்தாழ 6.5 கோடி டாலர் அளவில் சமரசத்தில் முடிந்தன. உற்பத்தியாளர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வாங்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அப்படியானால் என்ஜினில் எதைப் பார்ப்பது? முதலாவது, அதன் உட்கொள்ளளவு. கன சென்டிமீட்டரில் கூறப்படும் இவ்வளவைக் கூட்டிச் சொல்லுதல் எளிதன்று. ஒரே குதிரைச் சக்தி கூறப்படும் இரு என்ஜின்களில், கொள்ளளவு பெரிதாக இருப்பது பொதுவாகச் சிரமமின்றி அவ்வேலையைச் செய்யும்.

இரண்டாவது, சிலிண்டரின் உட்சுவர். இவ்வென்ஜின்களின் உடல் எடை குறைந்த அலுமினியத்தால் ஆனது. அதனுள் வார்ப்பிரும்புக் குழல் பதித்திருந்தால் பிஸ்டனின் உராய்வை அது நெடுங்காலம் தாங்கும். குழலில்லாத அலுமினியச் சுவர் பொதுவாக விரைவில் தேயும். மூன்றாவது, எண்ணெய் செல்லும் முறை. மலிவான சிறு என்ஜின்களில் ஒரு துடுப்பு எண்ணெயைச் சிதறடிக்கும். அது விழுந்த இடத்தில் விழும். நல்ல என்ஜின்களில் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் தாங்கிகளுக்குச் செலுத்தும். வழியில் ஒரு வடிகட்டி இருக்கும். திருகிக் கழற்றும் எண்ணெய் வடிகட்டி வெளியே தெரிகிறதா என்று பார்த்தாலே இதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

நான்காவது, காற்று வடிகட்டி. புல் வெட்டும் என்ஜின் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 3,600 சுழற்சி என்ற அளவில், புழுதி நடுவே, மணிக்கணக்காக ஓடுகிறது. கோடையில் நம் மண்ணிலிருந்து எழும் புழுதி, என்ஜினுக்குள் புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஆகையால் தட்டையான சிறு காகித வடிகட்டியைவிட, உருளை வடிவமான பெரிய வடிகட்டியும் அதனுள் பாதுகாப்புக்கு இன்னொன்றும் உள்ள அமைப்பே நமக்கு ஏற்றது. ஒரே உற்பத்தியாளரிடத்திலும் இவ்வேற்றுமை உண்டு. உதாரணமாக, கவாஸாகி என்ஜின்களில் எஃப்.ஆர். வரிசை வீட்டு உபயோகத்துக்கானது, எஃப்.எக்ஸ். வரிசை தொழில் உபயோகத்துக்கானது. பின்னதில் கனமான உருளை வடிகட்டி வருகிறது. பெயரைக் கேட்டுத் திருப்தியடையாமல் வரிசையையும் கேட்க வேண்டும்.

இனிச் செலுத்துப் பகுதிக்கு வருவோம். காரில் இருப்பதுபோன்ற பல்சக்கரப் பெட்டி இதில் இல்லை. என்ஜின் ஒரு பெல்ட்டின் மூலம் இரண்டு பம்புகளைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு பம்பும் எண்ணெயை அழுத்தித் தன் பக்கத்துச் சக்கரத்தின் மோட்டாருக்கு அனுப்புகிறது. அவ்வழுத்தத்தால் மோட்டார் சுழன்று சக்கரத்தை ஓட்டுகிறது. நெம்புகோலை நாம் தள்ளும்போது பம்பினுள் ஒரு தட்டு சாய்கிறது. சாய்வு மிகுந்தால் வேகம் மிகும். மறுபுறம் சாய்ந்தால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். உள்ளே உள்ள பாகங்களின் இடைவெளி மிக நுண்ணியது. ஆதலால் எண்ணெயின் தூய்மையும் குளிர்ச்சியுமே இதன் உயிர். எண்ணெய் கெட்டு அழுக்கேறினால் அவ்விடைவெளி தேய்ந்து அகலும். அகன்றபின் எண்ணெய் சக்கரத்தைத் தள்ளாமல் உள்ளேயே கசிந்து திரும்பிவிடும்.

இப்பகுதிகளைச் செய்வதில் பெயர்பெற்றது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள ஹைட்ரோ-கியர் நிறுவனம். பல வேறு பெயர்களில் விற்கும் புல்வெட்டிகளில் இதே நிறுவனத்தின் செலுத்துப் பகுதிகள் இருக்கக் காணலாம். அவற்றில் 2200, 2800, 3100, 3400, 4400, 5400 என எண்கள் உண்டு. எண் உயர உயர வலிமையும் உயர்கிறது. அடிநிலை வகை, ஆண்டுக்குச் சில பத்து மணிகள் ஓடும் வீட்டுத் தோட்டங்களுக்கானது. அதில் எண்ணெயை மாற்றக் கழற்றும் வடிகட்டி வைக்கப்படுவதில்லை. 2800 என்ற எண்ணிலிருந்து வடிகட்டியைக் கழற்றி எண்ணெயை மாற்றலாம். முதன்முறை 75 முதல் 100 மணிக்குள்ளும், பிறகு ஏறத்தாழ 400 மணிக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான வழக்கம். அந்தந்த யந்திரத்தின் கையேட்டில் கண்ட எண்ணே இறுதியானது. ஆண்டுக்கு 600 மணி ஓட்டக் கருதுவோர், எண்ணெய் மாற்ற வழியில்லாத வகையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பதே நலம்.

வாங்குமுன் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கடைக்காரர் என்ஜினை இயக்கி இரண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டுவார். அது போதாது. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்புகூட நன்றாக இழுக்கும். சூடேறி எண்ணெய் இளகிய பின்னரே உண்மை வெளிப்படும். ஆகையால் குறைந்தது அரை மணி நேரம் புல்லை வெட்டியபடியே ஓட்டச் செய்து, பிறகு மிதமான ஒரு சரிவில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏறுகையில் ஒரு பக்கம் தளர்கிறதா, பம்பு ஓலமிடுகிறதா, நெம்புகோல்களைச் சமமாகத் தள்ளியும் வண்டி ஒருபுறம் ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவாக ஒதுங்கினால், திருகு ஒன்றைச் சரிசெய்தால் தீர்ந்துவிடலாம். குளிர்ந்தபோது நேராகச் சென்று, சூடானபின் ஒதுங்கினால் பம்போ மோட்டாரோ தேய்ந்திருக்கக்கூடும்.

இச்சோதனையில் ஓர் எச்சரிக்கை. இவ்வகை யந்திரம் செங்குத்தான சரிவுக்கு ஏற்றதன்று. 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டலாகாதென்று கையேடுகள் பொதுவாகக் கூறுகின்றன. ஏரி, கால்வாய்க் கரைகளுக்கு அருகில் ஓட்டுவதும் ஆபத்தானது, நிலைதவறினால் கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் காக்கும் வளைவுக் கம்பியும் இருக்கைப் பட்டையும் உள்ளனவா என்றும் பாருங்கள்.

தளர்ந்த யந்திரமெல்லாம் தேய்ந்த யந்திரம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பம்பைச் சுழற்றும் பெல்ட் தேய்ந்து வழுக்கினாலும், அதை இறுக்கிப் பிடிக்கும் கப்பியின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் அதே குறி தோன்றும். பெல்ட் மலிவானது, பம்பு விலையேறியது. மலிவானதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு விலையேறியதைக் குறைகூறுவதே முறை. வாங்கும்போது பெல்ட்டை மாற்ற எத்தனை பாகங்களைக் கழற்ற வேண்டும் என்றும், பம்புகளின்மேல் உள்ள விசிறிகளைக் கையால் எட்டித் துடைக்க முடியுமா என்றும் கேளுங்கள். எட்டாத இடத்தைப் பெரும்பாலும் எவரும் துடைப்பதில்லை.

பழைய யந்திரத்தை வாங்குவோர், தாம் வந்து பார்க்குமுன் என்ஜினை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த என்ஜின் எவ்வாறு கிளம்புகிறது என்பதிலிருந்து பல உண்மைகள் தெரியும். நீலப் புகை விடாமல் வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது. கரும்புகை, பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டும். அளவுக் கம்பியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரலாகாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. மணிக் கணக்கு மீட்டரில் எண் குறைவாகவும், இருக்கையும் நெம்புகோல் பிடிகளும் தேய்ந்தும் காணப்பட்டால் மீட்டரை நம்ப வேண்டாம். சக்கர அச்சுகளைச் சுற்றி எண்ணெய் ஈரமிருந்தால் காரணம் கேளுங்கள். யந்திரத்தைக் கையால் தள்ளுவதற்கென எண்ணெய்க்கு மாற்று வழி திறக்கும் வால்வு உண்டு. அதைத் திறக்காமல் கயிறு கட்டி இழுத்த யந்திரத்தின் பம்பு பழுதுபட்டிருக்கக்கூடும்.

அடுத்தபடி காகிதங்கள். உத்தரவாதச் சீட்டில், இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணி, எது முந்தியதோ அது, என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட ஆண்டுக் கணக்கு நம்மைப் பொறுத்தவரை சில மாதங்களிலேயே முடிந்துவிடலாம். வீட்டு உபயோகத்துக்கு ஒரு காலமும் தொழில் உபயோகத்துக்கு வேறொரு காலமும் பல சீட்டுகளில் குறிக்கப்படுகின்றன. பள்ளி, மருத்துவமனை போன்றவற்றின் உபயோகம் பெரும்பாலும் பின்னதில்தான் சேரும். வடிகட்டி, பெல்ட், வெட்டுத்தகடு ஆகிய மூன்றும் நம் நாட்டில் எவரிடத்தில், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். அரிய யந்திரம் ஓர் எளிய பெல்ட்டுக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்பது வருந்தத்தக்கது.

மின்கலத்தால் இயங்கும் புல்வெட்டிகளும் இன்று வந்துள்ளன. அவற்றில் என்ஜினும் எண்ணெயும் இல்லை. மின்கலத்தின் ஆயுளும் அதை மாற்றும் செலவுமே அங்குக் கேட்க வேண்டியவை.

பொது நிறுவனங்களில் கொள்முதல் செய்வோருக்கு ஒரு வார்த்தை. தாழ்ந்த விலைப்புள்ளியை ஏற்பதுதான் விதி என்பர். ஆனால் விலைப்புள்ளி கேட்கும் அறிக்கையில் யந்திரத்தை எவ்வாறு வருணிக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. குதிரைச் சக்தி இவ்வளவு என்று மட்டும் எழுதினால், அவ்வெண்ணை மேல்மூடியில் ஒட்டிய மிக மலிவான யந்திரம் வரும். தொழில் உபயோக வரிசை என்ஜின், அழுத்த எண்ணெய்ப் பம்பும் வடிகட்டியும், எண்ணெய் மாற்றக்கூடிய செலுத்துப் பகுதி, நம் நாட்டில் உதிரிப் பாகங்கள், அரை மணி நேர ஓட்டச் சோதனை என்று ஐந்து வரிகள் சேர்த்தால், தகுதியுள்ளவற்றுள் மலிவானது வரும்.

அந்தத் தோட்டக்காரர் விஷயத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது. என் மொழிபெயர்ப்பிலேயே பிழை நேர்ந்தது என்று நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்மீதிருந்த குறிப்பு நீக்கப்பட்டது. கையேட்டின் அந்த வாக்கியத்தையும் திருத்தினேன். இப்போது அது இவ்வாறு இருக்கிறது: ‘இப்பகுதியின் உள்ளிருக்கும் எண்ணெயை மாற்ற வசதி இல்லை. ஆகையால் வெளிப்புறத்தையும் விசிறியையும் நாள்தோறும், என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்தபின், துடைத்து வைக்கவும்.’ முன்னதைவிட இவ்வாக்கியம் நீளமானது. வாங்குமுன் இதை யாரேனும் படித்திருந்தால் வேறு யந்திரத்தைத் தேர்ந்திருப்பார்கள்.